சூதாட்டத்துக்கு நோட்ஸ் எடுத்த டாக்டர்

போன டிசம்பர் செமஸ்டர் லீவுல காரைக்குடி வீட்டு முற்றத்துல உட்கார்ந்து நான் ஒரே ஒரு வேலைதான் செஞ்சேன். ஒரு சீட்டுக்கட்டைக் குலுக்கி, 52 சீட்டையும் ஒவ்வொண்ணா திருப்பிப் போடணும். 2ல இருந்து 6 வரைக்கும் எது வந்தாலும் மனசுல ஒண்ணு கூட்டணும். 7, 8, 9 வந்தா கண்டுக்கக் கூடாது. 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ் வந்தா ஒண்ணு கழிக்கணும். கட்டு முடியும்போது விடை பூஜ்யம் வரணும். முதல் நாள் ரெண்டு நிமிஷம் ஆச்சு, விடை மைனஸ் மூணு. ஆறாம் நாள் 30 செகண்டுக்குள்ள பூஜ்யம். திண்ணையில இருந்து பார்த்துக்கிட்டே இருந்த அப்பத்தா, யாரோட ஆடுறேன்னு கேட்டுச்சு. யாரோடயும் இல்ல, படிக்கிறேன்னு சொன்னேன். அது பொய் இல்ல. நிஜமாவே புத்தகம் வச்சுத்தான் படிச்சேன்.

1962ல அமெரிக்காவுல எட்வர்ட் தார்ப்ங்கிற கணக்குப் பேராசிரியர் பீட் த டீலர்னு ஒரு புத்தகம் எழுதினார். பிளாக்ஜாக் ஆட்டத்துல சீட்டை எண்ணி ஆடினா கேசினோவையே ஜெயிக்கலாம்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுக் காட்டின புத்தகம். அதுக்கு அப்புறம் அதே வழியில எத்தனையோ கையேடுகள் வந்தாச்சு. அதுல ஒண்ணு எனக்கு பிடிஎஃபா கிடைச்சுது. லாஜிக் ரொம்ப அழகானது. தாயக்கட்டைக்கு ஞாபகம் கிடையாது, போன தடவை என்ன விழுந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. சீட்டுக்கட்டு அப்படி இல்ல. வெளிய வந்த சீட்டு மறுபடி வராது. சின்ன சீட்டெல்லாம் போயிட்டா மிச்சக் கட்டுல பத்தும் ஆஸும் அதிகம். அப்போ ஆட்டக்காரருக்குச் சாதகம், பந்தயத்தை ஏத்தணும். மத்த நேரம் கம்மியா கட்டிட்டுச் சும்மா இருக்கணும். இவ்வளவும் தப்பில்லாம செஞ்சா கிடைக்கிற லாபம், போட்ட பணத்துல நூத்துக்கு ஒண்ணு அளவுக்குத்தான்.

இதுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் கட்டை மொத்தமா குலுக்கிட்டா எண்ணினது எல்லாம் வீண். புத்தகத்துல அது எழுதியே இருக்கு. நான் அந்தப் பக்கத்தை வேகமா தள்ளிட்டேன். என் போன்ல இருந்த ஆப், ஒவ்வொரு கைக்கும் புதுசா குலுக்குற ஆப். நாலு ராத்திரியில 9,500 ரூபாய் போச்சு. அது மெஸ் பீஸ். அம்மா மாசாமாசம் கட்டின சீட்டுல எடுத்துக் கொடுத்த பணம். வீட்டுல ஒருத்தர் சீட்டு கட்டினாங்க, ஒருத்தர் சீட்டு ஆடினேன். தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான்.

தூக்கம் வராத அந்த நாலஞ்சு ராத்திரியில, இந்த மாதிரி புத்தகத்தை முதன்முதல்ல எழுதினது யாருன்னு தேடினேன். வந்த பேரு நமக்குத் தெரிஞ்ச பேரு. மெக்கானிக்கல் பசங்களுக்கு யுனிவர்சல் ஜாயின்ட் ஞாபகம் இருக்கும்ல, லாரிக்கு அடியில நீளமா ஓடுற ஷாஃப்ட்டோட மூட்டு. அதுக்குக் கார்டன் ஜாயின்ட்னு இன்னொரு பேரு. அந்தக் கார்டன் ஒரு மனுஷன். ஜெரோலாமோ கார்டானோ, இத்தாலிக்காரர். தொழில் டாக்டர். முப்படிச் சமன்பாட்டுக்குத் தீர்வை அச்சுல ஏத்தினவர். அதோட, இருபத்தஞ்சு வருஷம் சூதாடினவர்.

கார்டானோ பிறந்தது 1501 செப்டம்பர் 24, பாவியா ஊர்ல. அப்பா ஃபாசியோ மிலன் நகரத்து வக்கீல், கணக்குலயும் கெட்டிக்காரர். லியொனார்டோ டா வின்சியே அவர்கிட்ட வடிவியல் சந்தேகம் கேட்டிருக்கார். அப்பாவும் அம்மாவும் அப்போ கல்யாணம் செஞ்சிக்கல. கருவைக் கலைக்க அம்மா மருந்து குடிச்சதாவும், அது பலிக்காம தான் பிறந்ததாவும் கார்டானோவே பிற்காலத்துல தன் வாழ்க்கைக் கதையில எழுதி வச்சிருக்கார். அம்மாவோட மூத்த பிள்ளைங்க மூணு பேரும் பிளேக்ல செத்தாங்க. இவருக்குப் பால் கொடுத்த செவிலியும் அதே நோயில போயிட்டா. எண்ணிப் பார்த்தா, அவர் உயிரோட இருந்ததே அவர் ஜெயிச்ச முதல் பந்தயம்.

அப்பாவுக்கு மகன் சட்டம் படிக்கணும். மகன் அடம்பிடிச்சு மருத்துவம் எடுத்தார். முதல்ல பாவியா, பிறகு பாதுவா. 1524ல அப்பா இறந்தார். விட்டுட்டுப் போன சொத்து சீக்கிரமே கரைஞ்சுது. படிப்பை நடத்தப் பணம் வேணும், பையனுக்குத் தெரிஞ்ச ஒரே வரும்படி தாயமும் சீட்டும் சதுரங்கமும். மத்த மாணவங்களை விட அவருக்குக் கணக்கு தெரியும், அதனால தோத்ததை விட ஜெயிச்சது கூட. இங்கதான் எனக்கு முதல் உறுத்தல். சின்ன வயசுல சூது அவருக்குச் சோறு போட்டிருக்கு. தோத்து ஆரம்பிச்சவன் விட்டுட்டு வந்துடலாம். ஜெயிச்சு ஆரம்பிச்சவனுக்குத்தான் கஷ்டம். என் முதல் ராத்திரியிலயும் நான் 640 ரூபாய் ஜெயிச்சேன்.

பாதுவாவுல மாணவர் தலைவர் தேர்தல்ல நின்னார், ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார். அந்தப் பதவிக்குக் கைக்காசுதான் செலவாகும், வரவு கிடையாது. பந்தா பண்ணிக் கடனாளி ஆனார். கல்லூரிக் கதை 500 வருஷமா மாறவே இல்லை.

அந்தக் காலத்துல வெனிஸ்ல நடந்த ஒரு சம்பவம் உண்டு. ஒரு வீட்டுல சீட்டாடப் போய்க் கையில இருந்தது எல்லாம் தோத்துட்டார். மறுநாளும் போனார். அப்போதான் சீட்டுகள்ல குறி வச்சிருக்குன்னு கண்டுபிடிச்சார். உடனே கத்தியை உருவி வீட்டுக்காரன் முகத்துல ஒரு கீறல், மேஜையில இருந்த பணத்தை அள்ளிக்கிட்டு ஓட்டம். அன்னைக்கு ராத்திரி இருட்டுல கால் தவறி வாய்க்கால் தண்ணியில விழுந்தார். போய்க்கிட்டு இருந்த படகுக்காரங்க தூக்கி ஏத்தினாங்க. படகுக்குள்ள முகத்துல கட்டுப் போட்டுக்கிட்டு ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். அதே வீட்டுக்காரன். அவன் இவரைத் தண்ணியில தள்ளல. நனைஞ்சவருக்கு மாத்துத் துணி கொடுத்தான், ரெண்டு பேரும் ஒண்ணா பாதுவா போய்ச் சேர்ந்தாங்க. சினிமாவுல வச்சா நம்ப மாட்டோம். ஆனா தன்னைப் பத்தி இவ்வளவு அசிங்கமா எழுதிக்கிற ஆளு இதுல மட்டும் ஏன் கதை விடணும்னு எனக்குத் தோணுது.

டாக்டர் பட்டம் வாங்கி மிலனுக்குப் போனா, அங்க மருத்துவர் சங்கம் சேர்த்துக்கல. முறையான கல்யாணத்துல பிறக்காதவர்னு காரணம் சொன்னாங்க. பாதுவா பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல வைத்தியம் பார்த்தார். 1531ல லூசியாங்கிற பொண்ணைக் கட்டினார். வருமானம் தேடி மிலனுக்குப் பக்கத்துல கல்லராத்தே ஊருக்குக் குடிபோனாங்க. நோயாளிங்க வரல. திரும்பவும் தாயக்கட்டை. இந்தத் தடவை ஜெயிக்கல. லூசியாவோட நகை அடகுக்குப் போச்சு, அப்புறம் வீட்டுச் சாமான். கடைசியில புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் மிலன்ல ஏழைகளுக்கான சத்திரத்துல போய்த் தங்கினாங்க.

லூசியா என்ன சொன்னாங்கன்னு எங்கயும் எழுதலை. எங்க அம்மாவும் என்கிட்ட ஒண்ணும் சொல்லல. அடுத்த மாசச் சீட்டுக்கு எப்பவும் போல 500 ரூபாய் எடுத்து வச்சாங்க, அவ்வளவுதான். கார்டானோ கதையில நான் நாலு நாள் நின்னது இந்த இடத்துலதான்.

மீண்டு வந்தது அப்பா பேரால. ஃபாசியோ முன்னாடி பார்த்த கணக்கு விரிவுரையாளர் வேலை மகனுக்குக் கிடைச்சுது. சம்பளம் சொற்பம், நேரம் நிறைய. அந்த நேரத்துல இலவசமா வைத்தியம் பார்த்தார், சில நோயாளிகள் அதிசயமா குணமானாங்க, பேர் பரவுச்சு. 1539ல மருத்துவர் சங்கமே கதவைத் திறந்துச்சு. அதே வருஷம் கணக்குப் புத்தகம் ஒண்ணும் வெளியிட்டார். முப்படிச் சமன்பாட்டுக்கு விடை கண்டுபிடிச்சு வச்சிருந்த டார்ட்டாக்லியாகிட்ட, வெளிய சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணி அந்த ரகசியத்தை வாங்கினதும் அந்த வருஷம்தான். அப்புறம் 1543ல போலோன்யா போனப்போ, டெல் ஃபெர்ரோங்கிற இன்னொருத்தர் அதை முன்னாடியே கண்டுபிடிச்சு வச்ச குறிப்பைப் பார்த்தார். அப்போ சத்தியம் கட்டுப்படுத்தாதுன்னு முடிவு பண்ணி, 1545ல ஆர்ஸ் மேக்னா நூல்ல எல்லாத்தையும் போட்டுட்டார். டார்ட்டாக்லியா, டெல் ஃபெர்ரோ ரெண்டு பேர் பேரையும் சொல்லித்தான் போட்டார். இருந்தாலும் டார்ட்டாக்லியா சாகுற வரைக்கும் மன்னிக்கல. யார் பக்கம் நியாயம்னு இன்னும் சண்டை நடக்குது. எனக்கு அதுல பெரிய ஆர்வம் இல்லை, அந்த மேட்ச்சுக்கு யூடியூப்ல ஆயிரம் வீடியோ இருக்கு. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். பத்தை ரெண்டாப் பிரிக்கணும், ரெண்டையும் பெருக்கினா நாப்பது வரணும்னு ஒரு கணக்கை எடுத்து, மைனஸ் பதினஞ்சோட வர்க்கமூலத்தைப் பேப்பர்ல தைரியமா எழுதினவர் அவர். இ.இ.இ. பசங்க தினமும் போடுற ஜே-க்கு அதுதான் பிள்ளையார் சுழி.

இனி அந்த நோட்ஸ். லத்தீன்ல லிபெர் டி லூடோ அலியே, அதாவது சூது ஆட்டங்களைப் பத்தின நூல். 1520கள்ல ஆரம்பிச்சு 1560கள் வரைக்கும் அப்பப்போ எழுதிச் சேர்த்தது. மொத்தம் 32 சின்னச் சின்ன அத்தியாயம். இதைப் புத்தகம்னு சொல்றதை விட, அரியர் பரீட்சைக்கு முந்தின நாள் ஜெராக்ஸ் எடுக்குற சீனியரோட நோட்டுன்னு சொல்லலாம். ஒரு பக்கம் கணக்கு, ஒரு பக்கம் புத்திமதி, நடுவுல பழங்கதை. தப்பா போட்டதை அடிக்காம, அடுத்த பக்கத்துல சரியா போட்டிருப்பார்.

அவருக்கு முன்னாடி காய் உருட்டினவங்க எல்லாம் விழுறதை விதி, அதிர்ஷ்டம், கடவுள் சித்தம்னு விட்டுட்டாங்க. கார்டானோ எண்ணினார். ஒரு காய்க்கு ஆறு முகம், ரெண்டு காய்க்கு 36 விதம், மூணு காய்க்கு 216. இந்த முழு எண்ணிக்கைக்குச் சுற்றுன்னு அர்த்தம் வர ஒரு பேர் வச்சார். நாம ப்ராபபிலிட்டி கிளாஸ்ல சாம்பிள் ஸ்பேஸ்னு எழுதுறோமே, அதுதான். நமக்கு வேணும்கிறது எத்தனை விதமா விழும், அதைச் சுற்றோட ஒப்பிட்டுப் பார், பந்தயத்தை அந்த விகிதத்துல வை, அப்பதான் ஆட்டம் நியாயமான ஆட்டம். இவ்வளவு சாதாரண விஷயத்தை அதுக்கு முன்னாடி யாரும் இப்படி முறையா எழுதி வைக்கல.

அவர் தடுமாறின இடம்தான் எனக்குப் பிடிச்ச இடம். ஒரு காயில சொன்ன எண் விழ ஆறுல ஒரு வாய்ப்பு. அப்போ மூணு தடவை உருட்டினா பாதிக்குப் பாதி வாய்ப்புன்னு எழுதினார். ஆறுல மூணு, பாதி. நம்மள்ல எத்தனை பேர் இதைச் சரின்னு சொல்லுவோம்? ஆனா தப்பு. மூணு தடவையும் அந்த எண் விழாம போற விதங்கள் அஞ்சைப் பெருக்கு அஞ்சு பெருக்கு அஞ்சு, 125. ஒரு தடவையாவது விழுறது 216ல மிச்சம் 91. அது 42 சதவீதம்தான். பாதின்னு நம்பிப் பந்தயம் கட்டினவன் மெதுமெதுவா ஓட்டாண்டி ஆவான். வேடிக்கை என்னன்னா, சில அத்தியாயம் தள்ளி மூணு காயை ஒண்ணா உருட்டுற கணக்குல அந்த 91ஐ அவரே சரியா எண்ணி வச்சிருக்கார். ரெண்டும் ஒரே கணக்குதான்னு பழைய பக்கத்துக்குத் திரும்பிப் போய் அடிக்கல.

இன்னொண்ணு. மூணுக்கு ஒண்ணுங்கிற விகிதம் ரெண்டு தடவை தொடர்ந்து வரணும்னா, விகிதத்தையே பெருக்கி ஒன்பதுக்கு ஒண்ணுன்னு முதல்ல சொல்லிட்டார். பிறகு, சமவாய்ப்பு உள்ள ஆட்டத்துல ஒண்ணை ஒண்ணால பெருக்கினா ஒண்ணுதானே வருது, அப்போ எத்தனை தடவை தொடர்ந்து ஜெயிக்கிறதும் சமவாய்ப்பு ஆயிடுமே, அபத்தமாச்சேன்னு தானே பிடிச்சார். விகிதத்தைப் பெருக்கக் கூடாது, மொத்தச் சுற்றுல எத்தனை பங்குங்கிறதைத்தான் பெருக்கணும்னு திருத்தினார். செமஸ்டர்ல நாம ரெண்டு மார்க் கேள்வியா எழுதுற பெருக்கல் விதி, ஒரு சூதாடி தன் தப்பைத் தானே பிடிச்சதுல வந்தது.

சீட்டுக்கும் தனி இடம் உண்டு. அப்போ பிரிமேரோன்னு ஒரு ஆட்டம், எட்டும் ஒன்பதும் பத்தும் எடுத்துட்டு 40 சீட்டுல ஆடுறது, ஆளுக்கு நாலு சீட்டு. ஏழுக்குத்தான் மதிப்பு அதிகம், 21 புள்ளி. ராஜா ராணிக்கு வெறும் 10. காய் எல்லார் கண்ணுக்கும் முன்னாடி உருளுது, சீட்டு மறைஞ்சு இருக்கு, அதனால சீட்டுல மதியூகத்துக்கு இடம் உண்டுன்னு ரெண்டையும் பிரிச்சார். கட்டுல மிச்சம் இருக்குற சீட்டை எண்ணி ஜெயிக்கலாம்னு தார்ப் கம்ப்யூட்டர் வச்சு நிரூபிக்க இன்னும் நானூறு வருஷம் ஆகணும். அந்த வழிக்கு முதல் கல் இங்கதான் விழுந்துச்சு.

ஏமாத்து வேலைகளையும் ஒண்ணு விடாம எழுதியிருக்கார். சீட்டு ஓரத்துல குறி வைக்கிறது, வழுக்குறதுக்காகச் சீட்டுல சோப்பு தடவுறது, மோதிரத்துல சின்னக் கண்ணாடி பதிச்சு அடுத்தவன் கையைப் பார்க்குறது. கல்யாண வீட்டு மொட்டை மாடியில விடிய விடிய ரம்மி ஆடுற எங்க மாமாக்களுக்கு இதுல பாதி தெரியும்னு நினைக்கிறேன்.

புத்திமதிப் பகுதி தனி ரகம். யாரோட ஆடணும், எங்க ஆடணும், எவ்வளவு வைக்கணும்னு வரிசையா சொல்றார். வக்கீலும் டாக்டரும் ஆடவே கூடாதாம். ஜெயிச்சா சூதாடின்னு பேர், தோத்தா தொழில்லயும் இப்படித்தான் இருப்பார்னு பேர். இதை எழுதினவர் டாக்டர். ஆடாம இருக்குறதுதான் சூதுல கிடைக்கிற பெரிய லாபம்னும், கணக்கு தெரிஞ்சா ஆட்டம் புரியுமே தவிர ஆடும்போது பெருசா கைகொடுக்காதுன்னும் எழுதியிருக்கார். இதை எழுதினவர் மறுநாளும் ஆடினார்.

அப்பத்தாகிட்ட ஒரு நாள் இந்த ஆளைப் பத்திச் சொன்னேன், பண விஷயத்தை விட்டுட்டுத்தான். உடனே நளன் கதைக்குப் போயிடுச்சு. புஷ்கரன்கிட்ட சூதுல நாட்டைத் தோத்த நளன், இருதுபன்ன ராஜாவுக்குத் தேர் ஓட்டுறான். வழியில ஒரு தான்றி மரம். நிக்காம போற தேர்ல இருந்தே அந்த மரத்துல எத்தனை காய்னு ராஜா சொல்றான். நளன் இறங்கி எண்ணிப் பார்க்குறான், சரியா இருக்கு. குதிரை ஓட்டுற வித்தையைக் கொடுத்துட்டு, அந்த எண்ணுற வித்தையை வாங்கிக்கிறான். பிறகு சூதாடி நாட்டை மீட்குறான். புகழேந்தி நளவெண்பாவுல பாடின கதை, அப்பத்தாவுக்கு அது கேட்டே மனப்பாடம். நான் கவனிச்சது வேற. எண்ணுறதுக்கும் சூதுக்கும் ஏதோ உறவு இருக்குன்னு நம்ம கதைக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு. அதோட, வித்தை கிடைச்சதும் நளன் ஒரே ஒரு தடவைதான் ஆடுறான்.

கார்டானோ ஏன் நிறுத்தல? எனக்குத் தோணுறதைச் சொல்றேன். அவர் கண்டுபிடிச்சது எது நியாயமான பந்தயம்னு. நியாயமான பந்தயத்துல நீண்ட நாள் ஆடினா லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல. கணக்கு தெரியாதவன் எதிர்ல உட்கார்ந்தா மட்டும்தான் காசு. எதிராளி திருடன்னா கணக்கு ஒண்ணும் செய்யாது. அதாவது அந்தப் புத்தகம் ஜெயிக்கிற வழியைச் சொல்லல, தோக்குறது ஏன்னு சொல்லுச்சு. நானும் அவரும் அதை மாத்திப் படிச்சிட்டோம். வட்டிக்கணக்குல பேர் வாங்கின செட்டிநாட்டுல பிறந்துட்டு எனக்கு இது உறைக்காம போனதுதான் வெட்கம். தொழில் செஞ்ச செட்டியார்கள் பர்மாவுலயும் மலேயாவுலயும் பத்து வட்டி ஒரே நாள்ல பார்த்தது இல்லை, சின்ன வட்டி நாள் கணக்குல ஓடுச்சு. ஆட்டம் நடத்துறவன் செய்யுறதும் அதையே. பிளாக்ஜாக்ல தப்பே பண்ணாம ஆடினாலும் நூத்துக்கு அரை ரூபாய் போல அவன் பக்கம். நூறு நூறா இருநூறு கை ஆடினா சுத்தி வர்ற பணம் 20,000, அதுல அவனுக்குச் சராசரியா நூறு ரூபாய். கை தப்புறவன்கிட்ட இன்னும் எடுப்பான். வட்டிக்கு விட்டவன் இடத்துல ஆப். கடன் வாங்கினவன் இடத்துல நான்.

அவர் கதைக்கு வர்றேன். லூசியா 1546ல இறந்தாங்க. அப்போ கார்டானோ பேரு ஐரோப்பா முழுக்கப் பரவியிருந்துச்சு. 1552ல ஸ்காட்லாந்துல ஜான் ஹாமில்டன்ங்கிற பேராயருக்கு மூச்சுத்திணறல்னு அவ்வளவு தூரத்துக்குக் கூப்பிட்டாங்க. ஒரு மாசத்துக்கு மேல கூடவே இருந்து கவனிச்சு, இறகு மெத்தையையும் இறகுத் தலையணையையும் எடுக்கச் சொன்னார். பேராயர் தேறினார், பொன்னா அள்ளிக் கொடுத்தார். அலர்ஜிங்கிற வார்த்தையே இல்லாத காலம். திரும்பற வழியில லண்டன்ல இளவயசு ராஜா ஆறாம் எட்வர்டுக்கு ஜாதகம் கணிச்சு, அம்பது வயசு தாண்டுவார்னு சொன்னார். ராஜா மறு வருஷமே 15 வயசுல செத்துட்டார். இறகை வச்சு நோயைப் பிடிச்ச அதே மூளை, 216 விதத்தையும் எண்ணின அதே மூளை, நட்சத்திரத்தை நம்புச்சு. இதை நான் கிண்டலா சொல்லல. சிகப்புப் பேனாவுல எழுதினா அரியர் விழும்னு நம்புற ஃபைனல் இயர் ஆளு எங்க ரூம்லயே இருக்கான்.

மூத்த மகன் ஜொவான்னி பட்டிஸ்டாவும் டாக்டர் ஆனான். அப்பாவுக்குத் தெரியாம ஒரு பொண்ணைக் கட்டினான், குடும்பம் நரகமாச்சு. பிள்ளைங்க அவனுக்குப் பிறந்தது இல்லைன்னு அவ கேலி பண்ணியிருக்கா. 1560ல அவளுக்கு ஆர்செனிக் கலந்த கேக் கொடுத்துக் கொன்னான். குற்றத்தை ஒப்புக்கிட்டான். கோர்ட்டுல அப்பாவே போய் வாதாடினார். பொண்ணு வீட்டுக்காரங்க கேட்ட தொகையைக் கொடுத்தா உயிர் மிஞ்சும்னு நிலைமை. கொடுக்க முடியாத தொகை கேட்டாங்க. ஏப்ரல்ல மகனோட தலை வெட்டப்பட்டது. அவனுக்கு 26 வயசு நிறைஞ்சிருக்கல. ஊர் ஊரா ராஜாக்களும் பேராயர்களும் தேடி வந்த டாக்டரால மகன் உயிருக்கு ஒரு விலையைக் கட்ட முடியல. அந்தத் துக்கத்துல இருந்து அவர் வெளிய வரவே இல்ல. கவலையில இருக்குறவனுக்குச் சூது மருந்து மாதிரின்னு நோட்ஸ்ல ஒரு இடத்துல எழுதி வச்சிருக்கார். அந்த வரி மட்டும் எந்த வயசுல எழுதினதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்.

சின்னவன் ஆல்டோ அப்பாவோட ஒரு குணத்தை மட்டும் எடுத்துக்கிட்டான். முழுநேரச் சூதாடி. துணிமணி வரைக்கும் தோத்து, அப்பா வீட்டுலயே திருடினான். கார்டானோ மகன் மேலேயே புகார் கொடுத்து, போலோன்யா ஊரை விட்டு வெளியேத்த வச்சார். மருமகளைக் கொன்ன மகனுக்காக வாதாடினவர், காசு திருடின மகனை ஊரை விட்டே துரத்தினார். கணக்கு இங்க உதவாது.

1562ல இருந்து போலோன்யாவுல மருத்துவப் பேராசிரியர். 1570ல மத விசாரணைக்காரங்க கைது பண்ணாங்க. ஏசுநாதருக்கே ஜாதகம் கணிச்சதும் குற்றங்கள்ல ஒண்ணுன்னு சொல்வாங்க. சில மாசம் சிறை, அப்புறம் வீட்டுக்காவல். பாடம் நடத்தக் கூடாது, புத்தகம் வெளியிடக் கூடாதுன்னு தடை. 1571ல ரோமுக்குப் போனார், போப் பதிமூணாம் கிரிகோரி ஓய்வூதியம் கொடுத்தார். அங்க உட்கார்ந்து 1575ல தன் வாழ்க்கையை எழுதினார். என்ன சாப்பிட்டேன், எப்படி நடப்பேன், யார் எதிரிங்கிறது வரைக்கும் எழுதினார். சூதுக்குன்னு தனி அத்தியாயம் ஒதுக்கி, நாப்பது வருஷம் சதுரங்கமும் இருபத்தஞ்சு வருஷம் காயும் ஆடினதை வெட்கத்தோட ஒத்துக்கிட்டார். பணத்தோட மானமும் நேரமும் போச்சுன்னு கணக்கு எழுதினார். 1576 செப்டம்பர் 21, எழுபத்தஞ்சு வயசுக்கு மூணு நாள் இருக்கும்போது இறந்தார். தான் சாகுற நாளைத் தானே கணிச்சு, அது பொய்யாகாம இருக்கப் பட்டினி கிடந்தார்னு ஒரு வதந்தி உண்டு. அவரைப் பிடிக்காதவங்க கட்டின கதை மாதிரிதான் தெரியுது.

சூது நோட்ஸ் அவர் உயிரோட இருந்தவரை அச்சு ஏறவே இல்ல. கையெழுத்துப் பிரதியா கிடந்துச்சு. இதுக்கு நடுவுல 1654ல பிரான்ஸ்ல பாஸ்கலும் ஃபெர்மாவும் ஒரு சூதாடி கேட்ட சந்தேகத்துக்காகக் கடிதம் எழுதிக்கிட்டாங்க. கார்டானோ மூணு தடவையில தடுமாறினாரே, அந்தக் கேள்வியோட பெரிய அண்ணன் அதுல ஒண்ணு. ரெண்டு காயை எத்தனை தடவை உருட்டினா ஜோடி ஆறு விழ பாதிக்கு மேல வாய்ப்பு? விடை 25. கார்டானோ தன் வழியில 18னு எழுதி வச்சிருந்தார். ப்ராபபிலிட்டிக்கு அப்பா யாருன்னு கேட்டா இன்னைக்கும் நம்ம டெக்ஸ்ட்புக்ல அவங்க ரெண்டு பேர் பேருதான்.

1663ல லியோன் நகரத்துல கார்டானோ எழுதினது எல்லாத்தையும் திரட்டிப் பத்துப் பெரிய தொகுதியா போட்டாங்க. முதல் தொகுதியில 262ம் பக்கத்துல ஆரம்பிச்சு மொத்தம் பதினஞ்சு பக்கம். தப்பான பாதியும் இருக்கு, சரியான 91ம் இருக்கு, யாரும் எதையும் திருத்தல.